தள்ளி

பிக்கப். இரண்டாயிரத்து ஏழு மாடல்.
என்னிடம் வரும்போதே மூன்று கை மாறியிருந்தது.
இடது கதவைக் கட்டுக்கம்பி பிடித்திருக்கிறது.
மூன்றாவது கியர் விழவேண்டுமானால்
அதை மறந்துவிட்டதுபோல் நடிக்கவேண்டும்.
மழை வந்தால் வைப்பர் ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

கலாசிபாளையத்தில் நயாஸ் பாய்
புகை பார்த்து நோய் சொல்வார்:
கறுப்பு என்றால் காற்று போதவில்லை,
நீலம் என்றால் ஆயில் குடிக்கிறது,
வெள்ளை என்றால்
ஒன்றும் சொல்லமாட்டார், டீ வாங்கித் தருவார்.

இதெல்லாம் வியாதியே இல்லை.
வியாதி ஃப்ளைவீலில்.
சுற்றிலும் நூற்றுச்சொச்சம் பல்,
ஓரிடத்தில் மட்டும் நாலு பல் இல்லை.
"எஞ்சின் எப்ப நின்னாலும்
அதே ரெண்டு மூணு இடத்துலதான் நிக்கும்.
செல்ஃப் அங்கயேதான் கடிக்கும்.
கடிச்சுக் கடிச்சு அங்க மட்டும் தேயும்."
மாற்ற, கியர்பாக்ஸை இறக்கவேண்டும்.
இரண்டு நாள். பதினோராயிரம்.
இரண்டும் என்னிடம் ஒரே சமயத்தில் இருந்ததில்லை.

ஆகவே ஒவ்வொரு சாவித் திருப்பலும் பூவா தலையா.
பொக்கை இடத்தில் நின்றிருந்தால்
வெறும் கிர்ர்.
அதற்குத்தான் ராத்திரியில் அனுமந்தநகர் இறக்கத்தில் நிறுத்துவது.
டாப் கியர் போட்டு ஒரு சாண் உருண்டால் போதும்,
பல் வந்துவிடும்.

ஒரு ஞாயிறு, கிரிநகரில் வீடு காலி செய்ய அழைத்தார்கள்.
ஒரே வீடு, இரண்டு விலாசம்.
வினுதா மேடம் சாமான் ஜெயநகருக்கு,
நிரஞ்சன் சார் சாமான் யெலஹங்காவுக்கு.
ஃப்ரிட்ஜில் பச்சை ஸ்டிக்கர், வாஷிங் மெஷினில் ஆரஞ்சு.
மிக்ஸியின் ஜார்கள் பச்சை,
மோட்டார் ஆரஞ்சு.
நான் கேட்கவில்லை. எனக்கு வாடகை பேசியாகிவிட்டது.
மேடம் என் பக்கத்து சீட்டில் வந்தார்,
சார் ஸ்கூட்டரில் பின்னால்.

ஜெயநகரில் பச்சை எல்லாம் இறங்கியது.
அந்தத் தெரு தோசைக்கல்லைப் போல் சமம்.
சாவியைத் திருப்பினேன்.
கிர்ர்.
லோடு ஆள் பைரப்பா ஃப்ரிட்ஜோடு இடுப்பையும் இறக்கிவைத்துவிட்டு
படியில் உட்கார்ந்திருந்தான்.
தலையை வெளியே நீட்டி,
"தள்ளி சார், தள்ளி மேடம்" என்றேன்.

கன்னடத்தில் அது வேண்டுகோள்.
என் பாஷையில்
இரண்டு பேர் நடுவே விடுகிற இடம்.

சார் இடது மூலை, மேடம் வலது மூலை.
ஒரு சாண் நகர்ந்தது.
நியூட்ரல். சாவி.
கறுப்பாக இருமிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

அவர்கள் நிறுத்தவில்லை.
எஞ்சின் தெருவுக்கே கேட்கிறது,
கனம் போனது கைக்குத் தெரியாமல் இருக்குமா.
ஆரஞ்சு சாமான் அத்தனையும் மேலே,
அதைத்தான் இருவருமாகத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.
ஃபர்ஸ்ட் போட்டு
கிளட்ச்சைப் பாதியில் பிடித்தேன்.
பிளேட் தேயும். தேயட்டும்.
ஆள் நடக்கும் வேகம், அதற்கும் கொஞ்சம் கீழே.
புங்கமரம். இஸ்திரி வண்டி. இரண்டு கேட்.
ஒரு நாய் எழுந்து வழிவிட்டது.

இடது கண்ணாடியைப் போன மாதம்
ஒரு பஸ் உரசிக்கொண்டு போய்விட்டது.
வலதில் மேடம் மட்டும் தெரிந்தார்.
கையை எடுத்தார்,
கொக்கியின் கிரீஸ் படிந்த உள்ளங்கையைப் பார்த்தார்,
துடைக்க இடம் தேடி
பக்கவாட்டில் நீட்டினார்.
அந்தப் பக்கத்துக்கு
என்னிடம் கண்ணாடி இல்லை.

திருப்பத்தில், அணைக்காமல் நின்றேன்.
சார் வர எட்டு நிமிஷம் ஆனது.
அந்த டீசலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
பின்னால் மிக்ஸி மோட்டார்
வண்டியோடு சேர்ந்து
கடகடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.